வாயிற்கடையும் தற்புகழும்: கலைஞரின் தன்னறிமுகம் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நூலியற்றிய புலவன் மறைந்த பின்னரும் அவன் நூல் நிற்கும். அவன் காலத்தார் போற்றாது விட்டதனைப் பிற்காலத்தார் கண்டெடுத்துப் போற்றலும் கூடும். பத்துப்பாட்டு 1889-ஆம் ஆண்டிலும் புறநானூறு 1894-ஆம் ஆண்டிலும் உ. வே. சாமிநாதையரால் அச்சேறி மீண்டும் உலகுக்குக் கிடைத்தமை இதற்குச் சான்று. கூத்தனுக்கும் பாணனுக்கும் இந்நலம் வாய்க்கவில்லை. ஆடுங்கால் உளதாய், ஆடி முடிந்த அளவில் இலதாய்ப் போவது அவர்தம் கலை. ஆதலின், தம் கலையைக் காண்பாரையும் அதற்குப் பொருள் தருவாரையும் அவர் தாமே தேடிச் செல்லவேண்டியவராயினர். தேடிச் சென்ற இடத்தும் 'யான் வல்லேன்' என அறிவித்தாலன்றி ஆடும் வாய்ப்புக் கிட்டாது. அங்ஙனம் அறிவிப்பின் தற்புகழ்ந்தான் என்னும் பழி வரும். இவ்விரண்டிற்கும் இடையில் நின்று கலைஞன் தன்னை அறிமுகம் செய்து கொள்ளும் வகை யாது?

இவ்வினாவை இக்காலத் திரைப்படத்திற்கே உரியதாகப் பலர் கருதுவர். நடிகர் தம் நிழற்படங்களையும் நடிப்பின் ஒளிப்பதிவுகளையும் தயாரிப்பாளர்க்கும் முகவர்க்கும் அனுப்பிக் காத்திருத்தல் இன்று யாவரும் அறிந்ததே. ஆயின் இவ்வினா தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. இதற்கென ஓர் இலக்கிய வகையும், புறப்பொருள் துறைகள் சிலவும், இலக்கண நூற்பாக்களும் தமிழில் உள. அவற்றை ஒருங்கு வைத்து நோக்கி, அவற்றின் நிறையையும் குறையையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆற்றுப்படையின் உண்மைக் கேட்போர் யாவர்?

கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் வழியிடைக் கண்ட வறியோர்க்குத் தாம் பெற்ற வளத்தைக் கூறி, அவரும் சென்று பெறுமாறு வழிப்படுத்துதலைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் கூறுகின்றார். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கு ஆற்றுப்படைகளும் இவ்விலக்கணம் பற்றியே எழுந்தன. பொருநராற்றுப்படை கரிகாலனையும், சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனையும், பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனையும், கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் நன்னனையும் தலைவராகக் கொண்டன.

இவ்வகை நூல்களைப் பற்றி நம்மிடையே வழங்கும் கருத்து ஒன்று உண்டு. தான் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெறுக என்னும் பரந்த உள்ளத்தின் வெளிப்பாடே ஆற்றுப்படை என்பது அது. வகுப்பறைகளில் பெரிதும் கூறப்படும் இக்கருத்து முற்றும் தவறன்று, ஆயின் போதாது. பாட்டினுள் கேட்போன் வறிய பொருநன். பாட்டைப் புறத்தே கேட்போன் கரிகாலன். வழியிடைக் கூறியதாகப் புனையப்பட்ட சொற்கள் அவைக்களத்தில் ஒலித்தற்கு உரியன. ஆகவே, ஒருவன் மற்றொருவனுக்கு வழிகாட்டுதலாகிய புனைவின் அடியில், வழிகாட்டுவோன் வள்ளலின் செவிக்குத் தன்னையும் எட்டச் செய்தலாகிய செயல் நிகழ்கின்றது. பிறனை அறிமுகப்படுத்தும் வாயிலாகத் தன்னை அறிமுகப்படுத்திக் கொள்ளும் இவ்வமைப்பை வெறும் தன்னலமறுப்பு எனல் பொருந்தாது. வெறும் தன்னலம் எனலும் பொருந்தாது. இருவர் நலனும் வள்ளல் புகழும் ஒரே சொல்லில் பிணைந்து கிடத்தலே இதன் சிறப்பு.

இவ்வமைப்பில் கருதத்தக்க செய்திகள் மூன்று உள.

முதலாவது, பொருநராற்றுப்படையின் தொடக்கம். ஊரில் விழா முடிந்த மறுநாள், அங்குக் கிடைக்கும் சோற்றை விரும்பி நில்லாது வேற்றூர் செல்லத் துணிந்த பொருநனே ஆண்டு விளிக்கப்படுகின்றான். அவனை வழிவகை அறிந்தவன் எனப் புலவர் முடத்தாமக்கண்ணியார் சிறப்பிக்கின்றார். கண்ட அவையிலேயே தங்கினால் கலை மங்கும், மதிப்புக் குறையும் என அறிந்து புதிய அவையை நாடுதல் தொழில் அறிவின் பாற்பட்டது என்பது இவ்விளியால் பெறப்படும். தேடிச் செல்லுதல் இழிவாகக் கருதப்படவில்லை; திறமாகவே கருதப்பட்டது.

இரண்டாவது, இந்நூல்களில் எக்கலைஞனும் 'யான் வல்லேன்' எனத் தன் வாயால் கூறாமை. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புனைகின்றது. உடன்வந்த பாடினியை முடிமுதல் அடிவரை புனைகின்றது. மலைபடுகடாம் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் எனக் கூத்தர் சுமந்து வரும் கருவிகளை அடுக்கிக் கூறியே தொடங்குகின்றது. கருவி செப்பமுற இருத்தலைக் கூறின் கையின் திறம் தானே விளங்கும். தன்னைப் புகழாது தன் கருவியைப் புகழும் இந்நெறி, தற்புகழ்ச்சிப் பழியினின்று தப்பும் நுண்ணிய வழியாகும்.

மூன்றாவது, பெயரின் ஆற்றல். நன்னனிடம் செல்லும் கூத்தர் இடைவழிச் சிற்றூர்களில், தாம் அவ்வேளின் கலைஞர் எனக் கூறினாற் போதும். அயலார் மனையுள்ளும் தம் மனைபோல் தயங்காது புகலாம் என்கின்றார் பெருங்கௌசிகனார். அவர்கள் இன்னும் நன்னனைக் கண்டிலர். அவன் முன் ஆடியதும் இலர். ஆயினும் அவன் பெயரே அவர்க்கு வழிச்சீட்டாகின்றது. இது வள்ளலின் புகழைக் காட்ட வந்த செய்தியாயினும், கலைஞன் தன் பெயரால் அன்றிப் பிறர் பெயரால் அறியப்படும் நிலையையும் உடன் காட்டிவிடுகின்றது.

3. அடைக்கப்படாத வாயிலும் அடைத்த வாயிலும்

பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் கரிகாலன் வாயிலைத் தடையின்றி, அறிவிப்பும் இன்றிக் கடந்து செல்கின்றான். ஈரும் பேனும் குடியேறிய, வேற்றிழையால் தைத்த கந்தையை உடுத்திருந்த அவனை மன்னன் உறவினனைப் போல் அருகில் இருத்தி ஓம்புகின்றான். விடைகொடுக்குங்கால் ஏழடி பின்சென்று வழியனுப்புகின்றான். சிறுபாணாற்றுப்படையும் நல்லியக்கோடன் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படுவதில்லை என்கின்றது. இவற்றை மட்டும் கொண்டு, சங்க காலக் கலைஞர்க்கு அறிமுகம் தேடும் துன்பமே இல்லை என்பார் உளர். அவர் கருத்துப் பொருந்தாது. தொல்காப்பியரே, நெடுந்தொலைவு வந்த வருத்தம் நீங்குமாறு வாயில் காவலர்க்கு உரைக்கும் 'கடைநிலை' என்னும் துறையைக் கூறியுள்ளார். தடுக்கும் காவலர் இல்லையேல் அவர்க்கு உரைக்கும் துறை எழுந்திராது.

புறநானூற்றின் இறுதிப் பகுதியில் கடைநிலைப் பாட்டுகள் பல உள. வைகறையில் வள்ளலின் வாயிற்கடை நின்று கிணையை அறைந்து, தன் வறுமையையும் வள்ளலின் வண்மையையும் கிணைப்பொருநன் கூறுதல் அவற்றின் பொது அமைப்பு. அவனுக்குரிய முதல் அறிமுகம் சொல் அன்று, ஒலியே. காவலன் தடுப்பினும் கிணையின் ஒலி மதிலைக் கடந்து செல்லும்.

இத்துன்பத்தின் மிகக் கூரிய வடிவத்தை அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் நீட்டித்த காலத்து ஔவையார் பாடிய பாட்டில் (புறம். 206) காண்கின்றோம். வாயில் காவலனை இருமுறை விளித்துத் தொடங்கும் அப்பாட்டில், பரிசிலர்க்கு அடைக்கப்படாத வாயிலின் காவலன் என்றே அவனைச் சுட்டுகின்றார். அவ்வாயிலிலேயே அவர் காக்க வைக்கப்பட்டுள்ளார் என்பது நினையத்தக்கது. ஆற்றுப்படைகளில் புகழாக நிற்கும் தொடர் ஈண்டுக் குத்தலாக மாறியுள்ளது. தொடர்ந்து அவர் எழுப்பும் வினா இக்கட்டுரைக்கு உயிரானது: நெடுமான் அஞ்சி தன்னைத் தான் அறியானோ, என்னை அறியானோ என்பது அது. பின்னர், அறிவும் புகழும் உடையோர் மாய்ந்து உலகம் வறிதாகிவிடவில்லை எனக் கூறி, இசைக்கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு, கோடரி ஏந்திய தச்சச் சிறுவர்க்குக் காடு போன்று தமக்கும் எத்திசையும் பிழைப்பளிக்கும் என முடிக்கின்றார்.

இப்பாட்டில் ஔவையார் தம் திறத்தை விரித்துரைக்கவில்லை. தச்சனின் உவமையால் தம் தொழில் எங்கும் விலைபோகும் என்பதை மட்டும் காட்டுகின்றார். பணிந்து நிற்றலும் தற்புகழ்தலும் அன்றி, 'போய்விடுவேன்' என்னும் உரிமை மொழியால் தம் மதிப்பை நிறுத்துகின்றார். வறியோனுக்கு எஞ்சியிருக்கும் வலிமை புறப்பட்டுச் செல்லும் வலிமையே என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் பாட்டு அரிது.

இன்னும் இரண்டு பாட்டுகளை இதனொடு சேர்த்து நோக்குதல் வேண்டும். அதே அதியமான், காணாமலே பொருள் கொடுத்து அனுப்பியபோது பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்தார் (புறம். 208). காணாது கொடுத்ததைக் கொண்டு செல்லத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தகுதியின் அளவறிந்து கொடுப்பின் தினையளவும் இனிது என்றும் அவர் கூறுகின்றார். மலையமான் திருமுடிக்காரியை நோக்கிக் கபிலர், கொடுத்தல் எளிது, வரிசை அறிதலே அரிது, ஆதலின் புலவரைப் பொதுவாக நோக்குதலை ஒழிக என்கின்றார் (புறம். 121). பரிசிலர் வேண்டியது பொருள் மட்டும் அன்று. தம்மைக் கண்டு, தம் கலையை அளந்து, அதன்பின் தருதலையே வேண்டினர். தன்னறிமுகத்தின் முடிந்த பயன் பொருள் பெறுதல் அன்று, அளந்தறியப்படுதலே என்னும் உயரிய கொள்கை இப்பாட்டுகளால் நிலைபெறுகின்றது.

இப்பாட்டுகளில் பேசுவோர் உண்மையில் பாணரும் பொருநருமோ, அவர் வாய்மொழியைத் தமதாக்கிக் கொண்ட புலவரோ என்பது தனி ஆய்வு. 1968-இல் க. கைலாசபதி இவற்றைப் பாணர்தம் வாய்மொழி மரபின் பாட்டுகளாகக் கண்டார். 1975-இல் ஜார்ஜ் ஹார்ட், தாழ்ந்த நிலையிலிருந்த கலைஞரின் பாடல் மரபைக் கற்ற புலவர் பின்பற்றினர் எனக் கொண்டார். எக்கருத்தைக் கொள்ளினும், கலைஞனின் வாயிற்கடைத் துன்பம் புலவர்க்குத் தம் துன்பத்தைக் கூறும் மொழியாக உதவியது என்பதில் ஐயமில்லை.

4. நன்னூலார் வகுத்த எல்லை

தன்னை வியத்தலை எஞ்ஞான்றும் ஒழிக எனத் திருவள்ளுவர் குற்றங்கடிதலில் விலக்கினார். அறநூல் விலக்கியதனை வழக்கு முற்றும் விலக்க இயலாது என்பதை உணர்ந்து எல்லை வகுத்தவர் பவணந்தியார். கி. பி. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நன்னூலின் பாயிரப் பகுதியில் இதுபற்றி மூன்று நூற்பாக்கள் தொடர்ந்து நிற்கின்றன.

ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கூறுதற்கு உரியார் இன்னார் என்பது முதலாவது. நூலாசிரியனின் ஆசிரியன், அவனொடு கற்றோன், அவன் மாணாக்கன், தகுந்த உரையாசிரியன் என்போர் அவர். எத்துணை அரியன செய்து முடிப்பினும் தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்பது இரண்டாவது. புலவர் தம்மைப் புகழ்ந்து கொள்ளத் தகும் இடங்கள் நான்கு என்பது மூன்றாவது. அரசன் அவைக்கு ஓலைப்பாட்டு விடுக்குங்கால், தன் ஆற்றலை உணராதாரிடையில், அவையில் வாது வெல்லும் பொழுதில், மாற்றான் தன்னைப் பழித்த காலத்தில் என்பன அவை.

இம்மூன்றும் ஒரு முறைப்பட நின்றன. முதற்கண் பிறர் கூறுக, தானே கூறற்க, கூறியே தீரவேண்டுமிடத்து இந்நான்கனுள் கூறுக என்பது அம்முறை. ஔவையாரின் வினாவும் 'ஆற்றல் உணராதாரிடை' என்னும் இரண்டாம் விலக்கும் ஒரே நிலைமையைக் குறித்தன என்பது ஒப்புநோக்கத்தக்கது. முதல் விலக்கு பிற்காலத்தில் சீட்டுக்கவி என்னும் வகையாய் வளர்ந்தது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பாடியவை அவ்வகையில் பெயர்பெற்றவை. சுப்பிரமணிய பாரதியார் 1919-ஆம் ஆண்டில் எட்டயபுரம் அரசர்க்கு எழுதிய இரண்டும் ஓலைத்தூக்கு, சீட்டுக்கவி என்னும் பெயர்களாலேயே வழங்குகின்றன. அவற்றுள் தம் புகழைத் தயங்காது எடுத்துரைக்கும் பாரதியார் மரபை மீறினார் அல்லர். மரபு தந்த இடத்திலேயே நின்று பேசினார்.

எனினும் நன்னூலார் வகுத்த எல்லையில் இரண்டு குறைகளைச் சுட்டுதல் கடன். ஒன்று, நான்கு விலக்கும் புலவர்க்கே என வரையறுத்தமை. நாள்தோறும் புதிய ஊரில் புதிய அவைமுன் நிற்கும் கூத்தனுக்குத் தன் ஆற்றலை உணராதாரிடை நிற்றலே வாழ்க்கை முழுமையும் ஆகும். புலவனுக்கு என்றோ ஒருநாள் நேரும் விலக்கு, கூத்தனுக்கு நாள்வழக்கு. அவனுக்கு நூற்பாவில் இடமில்லை. நூலின் இலக்கணம் கூறும் பகுதியாதலின் கூத்தனைக் கூறிற்றிலர் எனின், அது நூற்பாவின் எல்லையை விளக்குமேயன்றிக் கூத்தனின் இடர்ப்பாட்டைத் தீர்க்காது. மற்றொன்று, பிறர் கூறுக என்னும் நெறி ஆசிரியனும் உடன்கற்றோரும் வாய்த்தவனுக்கே பயன்படும் என்பது. துணையின்றி வந்த கலைஞனுக்காக யார் கூறுவர்? ஆற்றுப்படை இதற்கு ஒரு விடை தந்தது. முன்பின் அறியாத வழிப்போக்கனே அங்குப் பரிந்துரைப்போன் ஆகின்றான். இவ்வகையில் ஆற்றுப்படையின் நெறி நன்னூலின் நெறியினும் விரிந்தது.

5. மாதவியின் மாலை

சிலப்பதிகார அரங்கேற்று காதை இதற்கு வேறானதொரு முறையைக் காட்டுகின்றது. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் சோழன் முன் ஆடும் மாதவிக்கு வாயிற்கடை நிற்கும் துன்பம் இல்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை, குழல், யாழ் வல்லோர் எனத் துணைவர் பலர் உளர். அளவு பிழையாத அரங்கும் உண்டு. அவள் திறத்தைக் கூற எவரும் வேண்டியதில்லை, ஆடலே கூறுகின்றது. முடிவில் தலைக்கோல் பட்டமும் மாலையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகின்றாள். கபிலரும் பெருஞ்சித்திரனாரும் வேண்டிய 'அளந்தறிதல்' ஈண்டுக் குறைவற நிகழ்ந்தது எனலாம்.

ஆயின் அடுத்து நிகழ்வதை நோக்குக. அம்மாலை ஒரு கூனியின் கையில் கொடுக்கப்படுகின்றது. நகர நம்பியர் திரியும் தெருவில் விற்பாள் போல் அவள் நிற்கின்றாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு தந்து மாலையை வாங்குவோன் மாதவிக்கு உரியவன் என்பது ஏற்பாடு. கோவலன் வாங்குகின்றான். மன்னன் கலைக்கு அளித்த பரிசிலின் அளவும் தெருவில் கூறிய விலையின் அளவும் ஒன்றாக இருத்தல் தற்செயல் அன்று. கலைக்கு மன்னன் இட்ட மதிப்பே அவளுக்கு விலையாக மாற்றப்படுகின்றது. இடைநின்று அறிவிப்போள் கூனி. ஏற்பாட்டைச் செய்வோர் மூத்தோர். மாதவியின் சொல் ஒன்றும் ஆண்டு இல்லை. தற்புகழ்ச்சிப் பழி அவளைச் சாரவில்லை. தன்னைப் பற்றித் தானே பேசும் உரிமையும் அவளுக்கு வாய்க்கவில்லை.

ஔவையாரையும் மாதவியையும் அருகருகே நிறுத்தின் உண்மை விளங்கும். முன்னவர்க்கு இடைத்தரகர் இல்லை, அறிமுகம் கடினம். ஆயின் கருவியைக் கட்டிக்கொண்டு புறப்படும் உரிமை உண்டு. பின்னவர்க்கு அறிமுகம் எளிது. புறப்படும் உரிமை இல்லை. இளங்கோவடிகள் இதனை வெளிப்படையாகக் கண்டித்தாரல்லர். எனினும் ஒரே எண்ணை இருமுறை கூறியதன் வாயிலாக ஆராய்வார்க்குப் புலப்பட வைத்தார் எனக் கொள்ளலாம்.

6. நாடக அறிவிப்புத்தாள்

இம்மரபின் தொடர்ச்சியைத் தமிழ்நாட்டு 'ஸ்பெஷல் நாடக' வழக்கில் காணலாம். இந்நாடகத்தில் நிலையான குழு இல்லை. இராசபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் முதலிய வேடங்களுக்கு நடிகர் தனித்தனியே அமர்த்தப்பெற்று, ஒருங்கு ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் ஒன்றுசேர்வர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த நாடகங்கள் யாவர்க்கும் பொதுவாக இருத்தலின் இது கூடுவதாயிற்று. இத்தகைய வழக்கில் ஒவ்வொரு நடிகரும் தம் பெயரையே முதலாகக் கொண்டு வாழவேண்டியவர். ஊர்தோறும் நடிகர் சங்கங்களும் ஏற்பாடு செய்யும் ஏஜெண்டுகளும் நாடகத்திற்கென அச்சிடும் நோட்டீசும் இவர்தம் அறிமுக வாயில்கள்.

நோட்டீசில் நடிகரின் பெயரும் ஊரும் அடைமொழிகளும் நிழற்படமும் இடம்பெறும். ஆண்டு எந்நடிகரும் 'யான்' எனப் பேசுவதில்லை. அடைமொழி யாவும் படர்க்கையில் நிற்கும். பிறர் கூறுக என்னும் நெறி அச்சுத்தாளிலும் காக்கப்படுகின்றது. அந்நெறியை அறிந்தோ அறியாமலோ நாடக உலகம் பின்பற்றி வருதல் வியத்தற்குரியது.

இவ்வழக்கை நேரிற் பயின்று சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட நூல், நடிகையர்தம் நிலையை விரிவாகக் காட்டுகின்றது. தாளில் பெயரும் படமும் பரவினாலன்றிப் பிழைப்பு இல்லை. அங்ஙனம் பொதுவிடத்தில் அறியப்படுதலே பெண்ணுக்குப் பழியாகவும் கருதப்படுகின்றது. ஆதலின் மேடைக்குச் செல்லும் வழியில் தம்மை மறைத்துக்கொள்ளும் வகைகளை அவர்கள் கைக்கொள்கின்றனர். மாதவிக்கு நேர்ந்த இடர்ப்பாடு வேறு வடிவில் தொடர்கின்றது என்பதற்கு இதுவே சான்று. ஆண் கலைஞனுக்குத் தற்புகழ்ச்சி ஒன்றே பழி. பெண் கலைஞருக்கு அறியப்படுதலே பழி.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஆற்றுப்படை, பிறரைப் பரிந்துரைக்கும் வாயிலாகத் தன்னை அறிவிக்கும் அமைப்பினது. அதனைத் தன்னலமறுப்பு என்று மட்டும் கூறல் போதாது. சங்கப் பரிசிலர் வேண்டியது பொருளினும் மேலாகக் கண்டு அளந்தறியப்படுதலே. நன்னூலார் தற்புகழ்ச்சிக்கு வகுத்த எல்லை அறிவுடையதேனும் கூத்தரின் நிலையைத் தழுவவில்லை. இடைநிற்போர் மிகுந்த இடத்து அறிமுகம் எளிதாயினும், கலைஞரின் சொல்லும் உரிமையும் குறைதல் கூடும்.

தற்புகழ்ச்சிக்கும் தன்னறிமுகத்திற்கும் உள்ள வேறுபாட்டையும் இப்பாட்டுகளே நமக்கு உணர்த்துகின்றன. 'என்னை நம்புக' என்பது தற்புகழ்ச்சி. 'என்னைக் காண்க' என்பது தன்னறிமுகம். பெருஞ்சித்திரனார் மறுத்தது காணாது கொடுத்ததை. ஔவையார் சினந்தது காணாது நிறுத்தியதை. இருவரும் வேண்டியது ஒன்றே. இன்று ஒரு நடிகர் தம் ஒளிப்பதிவை அனுப்பி, அது பார்க்கப்பட்டதோ இல்லையோ என அறியாது காத்திருப்பின், அவர் நிற்பதும் அவ்வாயிற்கடையே. அவரை விளம்பரப் பித்தர் என எளிதில் இகழ்வோர், வரிசை அறிதலே அரிது என்ற கபிலர் சொல் தம்மை நோக்கியதும் ஆகும் என்பதை நினைதல் நன்று.

நாடக அறிவிப்புத்தாள்கள் பலவற்றைக் காலமுறைப்படி தொகுத்து, அவற்றின் அடைமொழிகளைப் பழைய பரிசில் துறைகளொடு ஒப்பிட்டு ஆராயின் இப்பொருள் மேலும் தெளிவுறும். அப்பணியில் ஆய்வாளர் கருத்துச் செலுத்துவாராக.